சென்னையிலிருந்து லண்டன்: தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

"சென்னையிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். நேரடி விமானத்தில் போனவர் பத்தே முக்கால் மணி நேரம் என்பார். டிக்கெட்டை மட்டும் பார்த்தவர், விடிகாலையில் ஏறினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம், ஆறு மணி நேரம்தான் என்பார். துபாய் வழியாகப் போனவர் பதினாலு மணி நேரம் என்பார். தஞ்சாவூரிலிருந்து மகள் வீட்டுக்குப் போய் வந்த அம்மாவைக் கேட்டால், "அது ஆச்சு ஒரு நாளுக்கு மேல" என்பார். இதில் ஆறு மணி நேரக் கணக்கு மட்டும்தான் தப்பு. மற்ற மூன்றும் சரி. ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் கடிகாரத்தைத் தொடங்கி, வேறு வேறு இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் முறை வெளிநாடு போகிறவர்களுக்கும், ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு இங்கிருந்தோ அங்கிருந்தோ டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்குச் சென்னை–லண்டன் பாதையை எடுத்துக்கொள்கிறேன். முறையைப் புரிந்துகொண்டால் எந்த இரண்டு ஊருக்கும் போட்டுப் பார்க்கலாம்.

முதல் படி: ஊர் அல்ல, விமான நிலையம்

லண்டன் என்று ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று லண்டன் பெயரில் விமான நிலையங்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர், காட்விக்குக்கு எல்ஜிடபிள்யூ. தேடும்போது எல்ஓஎன் என்று வந்தால் அது லண்டன் மொத்தத்துக்குமான பொதுக் குறியீடு. எந்த நிலையத்தில் இறங்குகிறோம் என்பது அதிலிருந்து தெரியாது. சென்னையின் குறியீடு எம்ஏஏ. மெட்ராஸ் காலத்து எழுத்துகள். ஊர்ப் பெயர் மாறியும் அது அப்படியே நிற்கிறது.

சென்னையிலிருந்து நேரடி விமானத்தைப் பல வருடங்களாக ஹீத்ரோவுக்கு ஓட்டிவருவது பிரிட்டிஷ் ஏர்வேஸ். மற்றபடி வளைகுடா, டெல்லி, மும்பை, கொழும்பு என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். லண்டனில் இறங்கி இன்னொரு விமானம் பிடிப்பவர்கள் இரண்டும் ஒரே நிலையமா என்று கட்டாயம் பாருங்கள். காட்விக்கில் இறங்கி ஹீத்ரோவில் ஏறுவது என்றால் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்டுக்குள் நுழையவும் விசா வேண்டும்.

இரண்டாம் படி: தூரத்தை அளப்பது

கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, சென்னை விமான நிலையத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் தூரத்தை அளக்கும் வசதி வரும். அதைத் தேர்ந்தெடுத்து ஹீத்ரோவின் மேல் அடுத்த புள்ளியை வைத்தால் சுமார் 8,230 கி.மீ. என்று காட்டும். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளத்தில் இரண்டு குறியீடுகளையும் போட்டாலும் இதே கணக்குதான் வரும்.

அலகைக் கவனியுங்கள். இதே தூரம் ஒரு தளத்தில் 5,100 என்றும் இன்னொன்றில் 4,450 என்றும் இருக்கும். முன்னது மைல், பின்னது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானத் துறையில் கடல் மைல்தான் புழக்கம் என்பதால், அந்தத் துறைக்காரர்களின் தளங்களில் பெரும்பாலும் அதுவே இருக்கும்.

திரையில் தெரியும் கோடு வளைந்திருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சுவர் வரைபடத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக்கடல், பாரசீக வளைகுடா, துருக்கி என்று போகும். அது குறுக்குவழி இல்லை. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்ததால் வந்த ஏமாற்று. வீட்டில் பூமி உருண்டை இருந்தால் ஒரு நூலைச் சென்னையில் வைத்து லண்டன் வரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் வடமேற்கே ஏறி, கட்ச் பாலைவனம், சிந்து மாகாணம், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடலில் பாகு நகரத்தை ஒட்டிய பகுதி, தென் ரஷ்யா, தெற்கு உக்ரைன், போலந்தின் கிராகோவ், ஜெர்மனி என்று போய் லண்டனில் இறங்கும். அந்த 8,230 கி.மீ. இந்த நூலின் நீளம்தான்.

இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருந்தால் தளம் எதுவும் வேண்டாம், மனக்கணக்கே போதும். ஒரு பாகை அகலாங்கு (அட்சரேகை) என்பது சுமார் 111 கி.மீ. சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 13 பாகை வடக்கு. யாழ்ப்பாணத்தின் பலாலி 9.8. வித்தியாசம் 3.2. பெருக்கினால் 355 கி.மீ. அவ்வளவுதான் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும்! இவ்வளவு பக்கத்தில் இருந்தும் 2019 நவம்பரில் நேரடி விமானம் வரும் வரைக்கும் கொழும்பு போய்த்தான் போக வேண்டியிருந்தது.

மூன்றாம் படி: அந்தக் கோட்டில் விமானம் போக முடியுமா?

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிவிடுகிற படி இது. ஆனால் இந்தப் பாதையில் இதுதான் முக்கியம் என்று நான் சொல்வேன்.

நூல் போன நாடுகளை இன்னொரு தடவை பாருங்கள். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதே நாட்களில் பிரிட்டனும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று வானை அடைத்துக்கொண்டன. ஆக, காஸ்பியன் கடலைத் தாண்டியதும் வரும் அந்த நேர்கோட்டுத் துண்டு பிரிட்டிஷ் விமானத்துக்குக் கிடையாது. தெற்கே ஒதுங்கி, துருக்கி, கருங்கடல், ருமேனியா என்று சுற்றித்தான் ஐரோப்பாவுக்குள் நுழைய வேண்டும்.

அடுத்தது பாகிஸ்தான். 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் மற்றவர் விமானங்களுக்கு வான்வெளியை மூடின. பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு அந்தத் தடை பொருந்தாது. ஏர் இந்தியாவுக்குப் பொருந்தும். டெல்லியிலிருந்து லண்டன் போகும் ஏர் இந்தியா விமானம் மேற்கே நேராகப் போக முடியாமல் அரபிக்கடல் பக்கம் இறங்கிச் சுற்ற வேண்டும். இது முதல் தடவையும் இல்லை. 2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகு ஜூலை வரைக்கும் இதே கதைதான்.

2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் சண்டை நடந்தபோது ஈரான், ஈராக் வான்வெளிகள் மூடப்பட்டன. ஜூன் 23 அன்று கத்தாரும் சில மணி நேரம் வானை மூடியது. தோஹாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின.

அதனால், போன வருடம் போனவர் சொன்ன நேரத்தை நம்பி இந்த வருடத்துக்குத் திட்டம் போடாதீர்கள். இன்றைய நிலவரம் தெரிய ஒரு நல்ல வழி இருக்கிறது. பிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டுத் தேடினால், கடந்த ஒரு வாரத்தில் அந்த விமானம் எந்தப் பாதையில் போனது, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று வரும். காசு கட்டத் தேவையில்லை. ஏழு நாள் கணக்கைப் பார்த்துச் சராசரி எடுங்கள். எந்தச் சூத்திரத்தைவிடவும் அதுதான் நம்பகமானது.

நான்காம் படி: தூரத்திலிருந்து நேரம்

டிக்கெட் கையில் இல்லாதபோது குத்துமதிப்பாகப் போட ஒரு கணக்கு: தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள்.

லண்டனுக்கு 8,230-ஐ 850-ஆல் வகுத்தால் 9.68, அதாவது 9 மணி 40 நிமிடம். அரை மணி நேரம் கூட்டினால் 10 மணி 10 நிமிடம். டிக்கெட்டில் பத்தரையிலிருந்து பதினொன்று வரை போட்டிருப்பார்கள். நடுவில் வரும் வித்தியாசம்தான் மேலே சொன்ன சுற்றுவழியும், கீழே சொல்லப்போகிற காற்றும்.

போயிங் 787 போன்ற பெரிய விமானம் உயரத்தில் ஏறத்தாழ மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும். அப்புறம் ஏன் 850? ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, பாதையும் நூல் பிடித்த மாதிரி இருக்காது. அதற்குத்தான் இந்தக் கழிவு. அரை மணி நேரம் என்பது கேட்டிலிருந்து ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியதும் மறுபடி ஊர்ந்து கேட்டுக்கு வருவது எல்லாவற்றுக்கும்.

சிங்கப்பூருக்குப் போட்டுப் பார்க்கலாம். தூரம் சுமார் 2,920 கி.மீ. வகுத்தால் 3 மணி 26 நிமிடம். கூட்டினால் ஏறத்தாழ 4 மணி. டிக்கெட்டிலும் நாலு, நாலேகால், நாலரை என்றுதான் இருக்கும். சரியாக வருகிறது.

யாழ்ப்பாணத்துக்கு இதே கணக்கைப் போட்டால் உதைக்கும். 355-ஐ 850-ஆல் வகுத்தால் 25 நிமிடம். ஆனால் அந்தப் பாதையில் ஓடுவது ஏடிஆர் என்ற, இறக்கையில் விசிறி வைத்த சிறிய விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். 500-ஆல் வகுத்தால் 43 நிமிடம், அரை மணி கூட்டினால் ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் வகையும் போட்டிருக்கும். ஏடிஆர் என்று இருந்தால் 500, ஏர்பஸ், போயிங் என்று இருந்தால் 850.

ஐந்தாம் படி: டிக்கெட்டில் இருக்கும் இரண்டு கடிகாரங்கள்

ஆறு மணி நேரத்தில் லண்டன் போகலாம் என்று சொன்னவர் தடுக்கி விழுந்தது இங்கேதான். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இரண்டையும் அப்படியே கழிக்கக் கூடாது. முதலில் இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. லண்டன் குளிர்காலத்தில் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னால் இழுத்துக்கொள்வார்கள். ஆக, நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம், கோடையில் நாலரை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஜூலையில் சென்னையில் காலை 5.40-க்குக் கிளம்பி லண்டனில் காலை 11.50-க்குச் சேர்வதாக டிக்கெட். லண்டனில் 11.50 என்றால் நம்மூரில் நாலரை மணி நேரம் கூட்டி மாலை 4.20. காலை 5.40-லிருந்து மாலை 4.20 வரை எண்ணினால் 10 மணி 40 நிமிடம். இதுதான் உண்மையான நேரம். டிசம்பரில் அதே விமானம் அதே 5.40-க்குக் கிளம்பி, அதே 10 மணி 40 நிமிடம் பறந்தால், லண்டனில் 10.50-க்கே இறங்கிவிடும். விமானம் வேகமாகப் போகவில்லை, அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது தலைகீழ். லண்டனில் மதியம் 1.00 மணிக்குக் கிளம்பி, டிசம்பரில் சென்னையில் அதிகாலை 4.35-க்கு இறங்குகிறது என்றால், பார்க்கப் பதினைந்தரை மணி நேரம் போலத் தெரியும். லண்டனின் 1.00 மணி நம்மூரில் மாலை 6.30. அங்கிருந்து எண்ணினால் 10 மணி 5 நிமிடம்தான்.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாகப் போட்டிருந்தால் மறுநாள் என்று அர்த்தம். விமான நிலையத்துக்கு அழைத்துப் போக வருகிறவர்களிடம் தேதியைச் சேர்த்துச் சொல்லுங்கள். வளைகுடா வழியாகப் போகும் விமானங்கள் பல சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். 15-ம் தேதி அதிகாலை 3.30 என்று டிக்கெட்டில் இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ம் தேதி இரவு. 15-ம் தேதி இரவு பெட்டியோடு வந்து நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். பெரியவர்களுக்கு டிக்கெட் எடுத்தால் "14 இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இடையில் இறங்கும் ஊர்களின் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், தோஹா இரண்டரை மணி நேரம் பின்னால், கொழும்பு நம் நேரமேதான். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைப்படி பார்த்தால் அது ஒன்றரை மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அங்கே காலை ஏழு மணிக்குத்தான் சூரியன் எழுகிறதே என்று வியப்பவர்களுக்கு விடை இது.

ஆறாம் படி: போகும்போது அதிகம், வரும்போது குறைவு

மேலே போகும்போது 10 மணி 40 நிமிடம், வரும்போது 10 மணி 5 நிமிடம் என்று போட்டேன். ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு நேரம்? காற்று.

சுமார் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அதன் ஒரு கிளை வட இந்தியா, ஈரான் வழியாக மணிக்கு 150 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் வீசும். லண்டன் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. சென்னை திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று. விமானத்தின் இன்ஜின் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. தரையோடு ஒப்பிட்ட வேகம்தான் மாறுகிறது. விமானத்துக்குள் திரையில் காட்டும் வேகம் தரையோடு ஒப்பிட்டது. டிசம்பரில் ஊர் திரும்பும்போது அது 1,000-ஐத் தாண்டினால் பயப்பட வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காட்சி மாறும். மேற்கிலிருந்து வரும் காற்று இமயமலைக்கு வடக்கே ஒதுங்கிவிட, தென்னிந்தியாவின் மேல், சென்னையின் அகலாங்கை ஒட்டியே, கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு காற்றோட்டம் உருவாகும். இந்த வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அது இன்னும் உயரத்தில்தான் வலுவாக இருக்கும் என்றாலும், ஜூலையில் மேற்கே கிளம்பும் விமானத்துக்குத் தொடக்கத்தில் சிறிது தள்ளிவிடும் கை மாதிரி உதவும்.

விமான நிறுவனங்களின் கால அட்டவணையும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில்தான் மாறுகிறது. அதனால் குளிர்கால டிக்கெட்டின் நேரத்தைப் பார்த்துக் கோடைக்குத் திட்டம் போடக் கூடாது.

இன்னொன்று. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருப்பார்கள். ஹீத்ரோ மாதிரி நெரிசலான இடத்தில் அது தேவைதான். இறங்க இடம் கிடைக்கும் வரை விமானங்களை போவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம் என்று நாலு இடங்களுக்கு மேலே வட்டமடிக்க விடுவார்கள். லண்டன் தெரிய ஆரம்பித்த பிறகும் விமானம் சுற்றிக்கொண்டே இருந்தால் காரணம் இது. வட்டமடிக்காமல் நேராக இறங்க முடிந்தால், சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டதாக விமானி பெருமையாக அறிவிப்பார்.

ஏழாம் படி: மாறிப் போனால்

பலரும் எதிர்பார்க்காத ஒரு கணக்கு இங்கே இருக்கிறது. சென்னை–துபாய் 2,930 கி.மீ., துபாய்–லண்டன் 5,500 கி.மீ. கூட்டினால் 8,430. நேர்வழியைவிட வெறும் 200 கி.மீ. அதிகம்! தோஹா வழியாக ஏறத்தாழ 8,530. டெல்லி வழியாக 8,490. கொழும்பு மட்டும் சற்றுத் தள்ளி, 9,360. முதலில் தெற்கே 645 கி.மீ. போய்விட்டுத் திரும்ப வடமேற்கே வர வேண்டும் என்பதால்.

ஆக, துபாய் சுற்றுவழியே இல்லை. ஆனாலும் நேரம் மூன்று நாலு மணி நேரம் கூடுகிறது. இரண்டு தடவை ஏறி இறங்குவதால் அந்த அரை மணி நேரத்தை இரண்டு தடவை கூட்ட வேண்டும். அதுவும் பெரிதில்லை. நடுவில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. நம் சூத்திரப்படி சென்னை–துபாய் 4 மணி, துபாய்–லண்டன் 7 மணி, மொத்தம் 11. நடுவில் மூன்று மணி நேரம் என்றால் 14. ஒன்பது மணி நேரம் என்றால் 20. டிக்கெட் தளத்தில் மொத்தப் பயண நேரத்தை மட்டும் பார்க்காமல், காத்திருப்பு எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள்.

காத்திருப்பு குறைவாக இருந்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஒன்றேகால் மணி நேரத்தில் மாறிவிடலாம் என்று தளம் காட்டும், இளவட்டங்கள் ஓடிவிடுவார்கள். முதல் முறை போகிற, முழங்கால் வலியோடு நடக்கிற பெரியவர்களுக்கு அது சரிப்படாது. முதல் விமானம் அரை மணி நேரம் தாமதமானாலே எல்லாம் கெட்டுவிடும். இரண்டரை மூன்று மணி நேரம் இடைவெளி வைத்து, சக்கர நாற்காலி உதவியையும் முன்பே கேட்டு வைப்பதே என் யோசனை.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக எடுத்தால், தவறவிட்ட விமானத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. பெட்டி லண்டன் வரை நேராகப் போகுமா என்று சென்னை கவுன்டரிலேயே கேட்டு, பெட்டியில் ஒட்டும் சீட்டில் எல்எச்ஆர் என்று இருக்கிறதா பாருங்கள். டெல்லி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: சென்னை–டெல்லி உள்நாட்டு விமானமாக இருந்தால் குடியேற்றச் சோதனை டெல்லியில்தான். அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

எட்டாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

கடைசிக் கணக்கு இது. வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். தாம்பரத்திலிருந்து லண்டனின் ஈஸ்ட் ஹாம் போவதாக வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம் (வழியில் நெரிசலுக்கும் சேர்த்து). அங்கே மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். விமானம் 10 மணி 45 நிமிடம். ஹீத்ரோவில் இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றேகால் மணி நேரம். ஈஸ்ட் ஹாம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். மொத்தம் பதினேழரை மணி நேரம்.

சென்னை விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயில் உண்டு. எதிரே திரிசூலத்தில் புறநகர் ரயிலும் நிற்கும். ஆனால் மெட்ரோ காலை ஐந்து மணி வாக்கில்தான் தொடங்கும். விடிகாலை விமானத்துக்கு உதவாது. முந்தைய நாள் இரவே கடைசி மெட்ரோவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளலாம், இல்லையென்றால் டாக்ஸிதான்.

ஹீத்ரோவிலிருந்து ஊருக்குள் போக மூன்று ரயில்கள். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பாடிங்டனுக்குப் பதினைந்து நிமிடத்தில் போகும், விலையும் அதற்கேற்ப. பிக்கடில்லி லைன் மலிவு. நகர மையத்துக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் தொடங்கிய எலிசபெத் லைன் இரண்டுக்கும் நடுவில். கிழக்கு லண்டன் பக்கம் போகிற நம் ஆட்களுக்கு அதுதான் வசதி. வைட்சேப்பலில் மாறினால் ஈஸ்ட் ஹாம் போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் கிடைக்கும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்தக் கடைசிக் கணக்கு முடிவையே மாற்றிவிடலாம். சென்னைக்கு 340 கி.மீ., ரயிலில் ஆறேழு மணி நேரம். திருச்சி விமான நிலையமோ ஒரு மணி நேரத் தூரம். அங்கிருந்து கொழும்பு 420 கி.மீ.தான். கொழும்பு வழியாக லண்டன் போனால் வானத்தில் தூரம் 900 கி.மீ. கூடுகிறது. தரையில் ஒரு இரவுப் பயணம் மிச்சமாகிறது. கொழும்பில் காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்குள் கிடைத்தால் நான் திருச்சியைத்தான் சொல்வேன். எட்டு மணி நேரம் என்றால் சென்னைக்கே ரயில் ஏறிவிடலாம்.

தூரம் தெரிந்தால் இன்னொரு பயன்

விமானம் தாமதமானால் நஷ்ட ஈடு எவ்வளவு என்பதைப் பிரிட்டன் சட்டம் தூரத்தை வைத்தே முடிவு செய்கிறது. அதற்கும் நூல் பிடித்த தூரம்தான் கணக்கு. விமானம் சுற்றிப் போனது கணக்கில் வராது. 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில், போய்ச் சேர நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தலைக்கு 520 பவுண்டு. மூன்றிலிருந்து நாலு மணி நேரம் என்றால் அதில் பாதி. மோசமான வானிலை, வான்வெளி மூடல் போன்ற நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்குக் கிடையாது.

லண்டனிலிருந்து கிளம்பினால் எந்த நிறுவனமானாலும் இது பொருந்தும். லண்டனுக்குப் போகும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். அதாவது சென்னையிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸில் போனால் உண்டு. துபாய் வழியாக எமிரேட்ஸில் போனால் போகும் வழியில் இல்லை, திரும்பும் வழியில் உண்டு.

தாமதத்தை எண்ணும்போது சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தை எடுக்க மாட்டார்கள். விமானத்தின் கதவு திறந்த நேரம்தான் கணக்கு. மூன்று மணி நேரத்தைத் தொடுகிற மாதிரி தாமதமானால், கதவு திறக்கும்போது கைபேசியில் மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, விமான எண், தேதியோடு முதலில் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள்.